குண்டுக்கட்டாக

தோள் பக்கம் அவள். கால் பக்கம் ஸ்டெல்லா.

மங்கையர்க்கரசி அம்மா வழக்கம்போல உடம்பைத் தளரவிட்டார். எதிர்க்கட்சிக்காரர்களுக்கு அது கைவந்த கலை. தூக்க முடியாமல் காவலர்கள் திணற வேண்டும். அந்தத் திணறல் மாலைச் செய்தியில் வர வேண்டும்.

"பாத்து தாயி. புதுச் சேலை" என்றார் அவள் காதோரம்.

நாடாளுமன்றக் காவலில் அவள் சேர்ந்ததிலிருந்து பார்ப்பதுதான். கூச்சல் எழும். அவைத் தலைவர் மணியடிப்பார். வெளியேற்றச் சொல்வார். இவர்கள் குண்டுக்கட்டாகத் தூக்கிப்போய் முகப்பு வாசலில் இறக்கிவிடுவார்கள். அங்கே நிருபர்களிடம் நெருப்பாகப் பேசுகிறவர்கள், மறுநாள் அதே இருக்கையில் வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

ஒருமுறை இந்த அம்மா கேன்டீனில் அவளைத் தேடி வந்தார். "என்னயத் தூக்கி இடுப்பு கிடுப்பு புடிச்சுக்கிச்சா தாயி?" தன் தட்டிலிருந்த வடையில் பாதியைப் பிய்த்து நீட்டினார்.

இன்று வந்த மசோதா மிகச் சிறியது.

அடுத்த தேர்தல் எப்போது என்பதை இனி அதிபரே முடிவு செய்வார். அவ்வளவுதான்.

அவையின் கதவு பின்னால் சாத்திக்கொண்டது. நீண்ட நடைகூடம். வெளிச்சம் குறைவு.

நடைகூடத்தின் முடிவில் வழி இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் போனால் முகப்பு வாசல். வலப்பக்கம் போனால் கேன்டீனுக்குச் சாமான் இறக்கும் பின்வாசல்.

இன்று வலப்பக்கம் என்று மேலதிகாரி காலையிலேயே சொல்லியிருந்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஸ்டெல்லா வலப்பக்கம் திரும்பினாள்.

அவள் திரும்பவில்லை.

இருவருக்கும் நடுவில் அம்மாவின் உடம்பு வளைந்தது.

இடப்பக்கம் கதவு திறந்துதான் கிடந்தது. வெயில் தெரிந்தது. நிருபர்கள் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஓடினால் எட்டிவிடும் தூரம். இறக்கிவிட்டு "ஓடுங்கம்மா" என்று சொன்னால் போதும். ஒரே ஒரு சொல். அது தொண்டை வரை வந்துவிட்டது.

பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். அவள் இதுவரை பார்த்திராத சீருடை.

ஸ்டெல்லா அவளையே பார்த்தாள். வாய் திறக்காமல் கெஞ்சினாள். ஸ்டெல்லா பெற்றது இன்னும் பால் மறக்காத பிள்ளை.

"வாசல் அந்தப் பக்கமில்ல தாயி?"

அவள் வலப்பக்கம் திரும்பினாள்.

அதுவரை துணிமூட்டைபோலக் கிடந்த உடம்பு அவள் கையிலேயே விறைத்தது.

"எறக்கி விடு. நானே நடந்து வாரேன். எறக்கி விடு தாயி."

இறக்கவில்லை. இறக்கினால் அந்த அம்மா நடந்து வரப்போவது எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியும். பின்னால் வருகிறவர்கள் என்ன செய்வார்கள் என்பதும் தெரியும்.

பின்வாசலில் ஒரு வேன் நின்றது. அதற்கு ஜன்னல் இல்லை.

உள்ளே ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். சற்றுமுன் அவையே அதிரும்படி கத்தியவர்கள். ஒருவரும் கோஷம் போடவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளக்கூட இல்லை.

அம்மாவின் விரல்கள் அவள் சட்டைக் காலரைப் பிடித்திருந்தன. உள்ளே ஏற்றிய பிறகும் விடவில்லை.

ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அவள்தான் பிரித்தாள்.

"வீட்ல சொல்லிரு" என்றார் அம்மா.

எந்த ஊர், எந்தத் தெரு, ஒன்றும் அவளுக்குத் தெரியாது. கேட்க வாயெடுப்பதற்குள் வேனின் கதவு மூடியது.

மேலதிகாரி அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.

"சார், அவங்கள எங்க…"

அவர் அவள் பக்கம் திரும்பினார். அவள் சட்டையில் குத்தியிருந்த பெயரை வாசித்தார். நிதானமாக, வாய்விட்டு.

பிறகு, "உள்ள போ. கதவுல நில்லு. நான் சொல்ற வரைக்கும் யாரும் வெளிய வரக் கூடாது" என்றார்.

போனாள். நின்றாள்.

அவையில் பாதி இருக்கைகள் காலி. தரையில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. யாருடைய மூக்குக் கண்ணாடியோ மிதிபட்டு நொறுங்கியிருந்தது.

"ஆதரிப்போர் 'ஆம்' என்க" என்றார் அவைத் தலைவர்.

"ஆம்."

"எதிர்ப்போர் 'இல்லை' என்க."

பழக்கதோஷத்தில் அவர் சற்றுக் காத்திருந்தார். காலி இருக்கைகளின் பக்கம் முகத்தைத் திருப்பக்கூடச் செய்தார். பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, மசோதா நிறைவேறியது என்றார்.

யாரும் எழவில்லை. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று யாருக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

கடைசியில் ஆளுங்கட்சி வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து அவள் நின்ற கதவுக்கு வந்தார். பலமுறை அமைச்சராக இருந்தவர். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் வழி விடும்மா. பாத்ரூம் போகணும்."

அவள் கையைக் குறுக்கே நீட்டினாள்.

அவர் சிரித்தார். "நான் ஆளுங்கட்சிம்மா."

கை அப்படியே இருந்தது. அதை மடக்கிக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. முடியவில்லை.

அவர் திரும்பி அடுத்த கதவைப் பார்த்தார். அதற்கடுத்த கதவைப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் காவல் நின்றது. சிரிப்பு மட்டும் முகத்தில் சிறிது நேரம் தங்கியிருந்தது.

மெதுவாக நடந்துபோய்த் தன் இருக்கையில் உட்கார்ந்தார்.

பேசுகிறவர் யாருமில்லை.

அதிபரின் பேச்சைப் பாராட்டித் தட்டுவதுபோல அவர் மேசையைத் தட்டத் தொடங்கினார்.