பலெர்மோவில் பார்க்க வேண்டியது

“ரெண்டு சீனி போட்டு ஒரு பால்தேத்தண்ணி கொண்டாரும்” என்று மேசை துடைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் சொன்னாள் கோசலை. காலில் இடறிய, சில்லு வைத்த பயணப்பெட்டியை, எவரோ மறந்துவிட்டுப் போனது என்று நினைத்து, காலாலேயே சுவரோரம் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.

அந்தப் பெண் அவளை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மேசை துடைத்த கடதாசியைக் கசக்கிப் போட்டுவிட்டு, கல்லாவடியில் சொல்லித் தேநீரை வாங்கிவந்து வைத்தாள். நன்றி சொல்லும் வழக்கமெல்லாம் கோசலைக்குப் பிரெஞ்சில் மட்டும்தான்.

பாரிசில் தமிழ்க்கடைகள் நிறைந்த இந்த லாச்சப்பல் பக்கம் வருவதென்றாலே அவளுக்கு வேப்பங்காய். பொபினியில் அலுவலக உத்தியோகம் பார்க்கிறவள் இந்தச் சனத்துக்குள் நெரிபடுவதா? ஆனாலும் இத்தாலிப் பயணத்துக்கு இடிசம்பலும் பருத்தித்துறை வடையும் வேண்டியிருந்தன. வெள்ளைக்காரச் சாப்பாட்டை நாக்கு ஒருநாள் தாங்கும், மறுநாள் தாங்காது. அது அவளுக்கும் புருசனுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

அந்தப் புருசனோடுதான் தொலைபேசியில் கடை முழுக்கக் கேட்கும்படி பேசினாள். அலுவலகத்து மெலானி சொன்ன இடங்களையெல்லாம் ஒப்பித்தாள். ரோமில் பன்றிக் கன்னம் போட்ட பாஸ்தா, புளோரன்சில் பாதி வெந்த மாட்டிறைச்சி, வெனிசில் ஓடத்தில் ஒரு சுற்று. சாப்பிடுகிறாளோ இல்லையோ, படம் எடுத்து மெலானிக்குக் காட்ட வேண்டும்.

பேசி முடித்து நிமிர்ந்தால், அந்தப் பெண் கேட்காமல் கொள்ளாமல் எதிர்க் கதிரையில் இருந்தாள். கொலோசியத்தை வெளியில் நின்று பார்த்தால் போதும், உள்ளே வெறுங்கல்லுத்தான் என்றாள். வெனிசில் கோப்பியை நின்றுகொண்டே குடிக்கச் சொன்னாள், குந்தினால் கதிரைக்கும் சேர்த்துக் கறப்பார்களாம். ரோமில் ஸ்டேசனுக்குப் பக்கத்தில் எங்கடை ஆட்களின் கடையில் நல்ல புட்டு கிடைக்குமாம்.

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று கோசலை மனதுக்குள் சிரித்தாள். ரோமுக்குப் போயும் புட்டைத் தேடுகிற சென்மங்கள்.

“உமக்கு எப்பிடி இத்தாலி தெரியும்?”

“நான் ஊரிலையிருந்து முதல் வந்து இறங்கினது அங்கைதான்.”

கோசலை நினைத்தது சரியாகிவிட்டது. அங்கே பிழைக்க வழியில்லாமல் ரயிலேறி வந்து, இங்கே மேசை துடைக்கிற கூட்டம். வேலைக்கு நிற்கிறவளுக்குக் கதிரையும் கேட்கிறது, வாயும் கேட்கிறது. இருந்தும் ஒரு தேவைக்காக, பலெர்மோவில் என்ன பார்க்கலாம் என்று கேட்டுவைத்தாள்.

அதுவரை ஓயாமல் பேசியவள், “அங்கையும் போறியளோ?” என்று மட்டும் கேட்டாள்.

இவளிடம் சொன்னால் என்ன, இவள் போய் ஆருக்குச் சொல்லப்போகிறாள் என்று கோசலை உள்ளதைச் சொன்னாள். சுற்றுலா எல்லாம் சாட்டு. மகன் கிருஷிகனுக்குப் பலெர்மோவில் ஒரு பெண் பேசியிருக்கிறது. பெயர் மிருணாளினி, மருந்துக்கடையில் பெரிய வேலை. சொல்லிக்கொண்டு போனால் அவர்கள் வீட்டைக் கழுவி மெழுகிப் பலகாரம் அடுக்கி வைத்துவிடுவார்கள். நல்ல யாழ்ப்பாணத்தார் எவரும் அப்படிப் பெண் பார்க்கமாட்டார்கள். சொல்லாமல் போய், தலையிடிக் குளிசை வாங்குகிற சாட்டில் ஆளையும் பார்த்து, அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொண்டும் வர வேண்டும்.

“மகனுக்குப் பிள்ளையைப் பிடிச்சிருக்கோ?” என்று அந்தப் பெண் மெல்லக் கேட்டாள்.

பிடித்திருக்கிறதாவது! வந்த சம்பந்தங்களையெல்லாம் தட்டிக்கழித்தவன், இந்தப் பெண்ணோடு தொலைபேசியில் பேசத் தொடங்கியபிறகுதான் வீட்டில் வாய்விட்டுச் சிரிக்கிறான். இதுவும் குழம்பினால் இனிக் கலியாணப் பேச்சே எடுக்கவேண்டாம் என்று தாயிடம் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறான். மருந்துக்கடை உத்தியோகமும் சாதகப் பொருத்தமும் இன்னொரு தரம் இப்படிச் சேர்ந்து வருமா?

“அப்ப பிறகென்ன குறை?”

“தாய்தான் குறை. வீடு வீடாத் துடைச்சுத்தான் மகளைப் படிப்பிச்சவவாம். இப்பவும் அதே வேலைதானாம்.” கோசலை முகத்தைச் சுளித்தாள். “ஒரு மண்ணும் தெரியாத சனம். தாலி ஏறுமட்டும் பல்லைக் காட்டுவன். ஏறினாப் பிறகு, தும்புத்தடியோடை திரியிறதை என்ரை வாசலுக்கும் அடுக்கமாட்டன். பெடிச்சியையும் அங்கை போக விடமாட்டன்.”

அந்தப் பெண், கோசலை குடித்து வைத்த கோப்பையை மேசையின் ஓரத்துக்கு நகர்த்தினாள். பிறகு எழும்பி, மேலங்கியைப் போட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினாள். வேலை முடிகிற நேரமாக்கும் என்று கோசலை நினைத்தாள்.

ஆனாலும் இந்தச் சனத்தின் வாயை நம்பமுடியாது. ஒரு சில்லறைக் குத்தியை மேசையில் அவள் பக்கமாகத் தள்ளி, “இதை ஆருக்கும் சொல்லிப்போடாதையும்” என்றாள் கோசலை.

அந்தப் பெண் குத்தியைத் தொடாமல், சுவரோரம் கிடந்த பயணப்பெட்டியை இழுத்தெடுத்தாள். “வேறை ஒருத்தருக்கும் சொல்லமாட்டன், பலெர்மோவுக்குப் போய் என்ரை மகளுக்கு மட்டும் சொல்லுறன்.”