அண்ணனும் அப்பாவும் செய்த துப்பாக்கி

“கடையிலேயே வாங்கிடலாம்மா. நானே காசு கொடுக்கறேன்,” என்றார் ஹார்லன் மறுபடியும்.

“எனக்கு வேண்டாம்,” என்றாள் மகள் மார்லா. “நாம ரெண்டு பேரும் சேர்ந்து செய்யலாம்.”

அமெரிக்காவின் மொன்டானாவில், அவர்கள் ஊரின் ஒரே துப்பாக்கிக் கடை. கடைக்காரர் புதுத் துப்பாக்கி ஒன்றை விரிப்பின் மேல் வைத்துவிட்டு, “பேசி முடிவு பண்ணுங்க,” என்று வேறொருவரைக் கவனிக்கப் போயிருந்தார். ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரகம். மார்லா சொந்தமாக வைத்துக்கொள்ளப் போகும் முதல் துப்பாக்கி. அவள் அதைத் தொடக்கூட இல்லை.

“டிரெண்ட் அண்ணனுக்கு மட்டும் ஒரு குளிர்காலம் பூரா கராஜ்ல உட்கார்ந்து செஞ்சு கொடுத்தீங்க. எனக்குன்னா கடைச்சரக்கா?”

“அப்படியில்லம்மா...”

“அப்படித்தான். நன்றித் திருநாள் விருந்துக்கு வான்கோழி வருதோ இல்லையோ, அந்தத் துப்பாக்கி வந்துடுது. ‘நானும் அப்பாவும் செஞ்சது’ன்னு அண்ணன் ஆரம்பிச்சா எல்லார் தட்டும் ஆறிப்போகுது. போன வாரம் மாமாகிட்ட என்ன சொன்னான் தெரியுமா? ‘மார்லாவுக்கு பல்பு மாட்டவே ஆள் வேணும், அவ வாங்கிக்கட்டும்’னு!”

அந்த ‘நானும் அப்பாவும்’ ஒவ்வொரு முறையும் அவளை முள்ளாகக் குத்தும். கராஜுக்குள் இருவரும் சிரிக்கும் சத்தம் இன்னும் காதில் இருந்தது. அப்போது அவளுக்கு வாய்த்த வேலை, கதவைத் தட்டி காப்பி கொடுப்பது.

“எனக்கும் தெரியும்ப்பா, கேளுங்க. நம்பர் குத்தின கீழ்ப்பாதி மட்டும்தான் சட்டத்துக்குத் துப்பாக்கி. அதுக்குத்தான் என் பேர்ல குற்றப்பதிவு இருக்கான்னு சரிபார்ப்பாங்க. மேல்பாதி வெறும் உதிரிபாகம், தபால்லயே வரும். ரெண்டு பாதியையும் சேர்க்கற முளைகளைத் தள்ளினா தனித்தனியா வந்துடும். சுட்டதும் குழாய்ல போற வாயு ஒரு பொடி ஓட்டை வழியா பின்னால வந்து அடுத்த தோட்டாவை ஏத்திவிடும்...”

“அந்த ஓட்டை...” ஹார்லனின் குரல் இறங்கியது. “மேல்பாதியில, அதுக்கு மேல ஒரு சின்ன இரும்புக் கட்டை உட்காரும். அது துளி விலகினாலும் வாயு வராது. ஒவ்வொரு குண்டுக்கும் கையால இழுக்கணும்.”

“அண்ணனோடது விலகலையே! எட்டு வருஷமா படபடன்னு சுடுதே!”

ஹார்லன் விரிப்பின் மேலிருந்த துப்பாக்கியைப் பார்த்தார்.

“நான் பொண்ணுங்கறதாலயா? இல்ல, அவன்தான் செல்லப்பிள்ளையா? வாயைத் திறந்து சொல்லிடுங்க, நான் கேட்கறதையே விட்டுடறேன்.” மார்லாவின் கண் கலங்கிவிட்டது.

அவர் கடைக்காரரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“அண்ணன்கிட்ட சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு.”

“எதை?”

“சொந்தக்காரங்க எல்லாரும் பார்க்க, செஞ்சு முடிச்ச மறுநாள் அவன் அந்தத் துப்பாக்கியைச் சுடறதா இருந்துச்சு. அவன் ஸ்கூலுக்குப் போயிருந்தப்ப நான் தனியா எடுத்துட்டுப் போய்ச் சோதிச்சேன். ஒரு குண்டு போச்சு. அதோட சரி, அடுத்தது ஏறவே இல்ல. கட்டையைக் கோணலா வச்சுட்டேன், என்னென்னவோ செஞ்சும் சரியாகல. அவன் முகத்தை நினைச்சேன். நேரா இங்க வந்து, ரெடிமேடா, பார்க்க அதே மாதிரி ஒரு மேல்பாதியை வாங்கி மாட்டிட்டேன். நம்பர் கீழ்ப்பாதியிலதானே இருக்கு, அவனுக்கு எங்க தெரியப்போகுது?”

விரிப்பின் மேல் இருந்ததை அவள் பக்கம் மெல்ல நகர்த்தினார்.

“எட்டு வருஷமா அவன் சுட்டுச் சுட்டுப் பெருமையடிச்சுக்கறது, நீ தொடமாட்டேங்கறியே, இதே கடைச்சரக்கைத்தாம்மா.”