ஒரே ஓர் இடம்

"அந்தப் பெட்டிய மூடு வெர்னன். யாரும் போகச் சொல்றதுக்கு முன்னாடியே எதுக்குடா துணிய அடுக்கற?"

"மூடினா மட்டும்? என் முட்டி ரெண்டும் போச்சுடா கார்லண்ட். ஓடி வர்றவனை நான் சாய்ச்ச காலம் போய், இப்ப என்னைத் தாண்டிக் குதிச்சுட்டுப் போறானுங்க!"

பத்து வருடமாக ஒரே அமெரிக்கக் கால்பந்து அணி. பயிற்சி முகாமில் ஒரே அறை. இருவருமே லைன்பேக்கர்கள், எதிரணிக்காரனை மோதிச் சாய்ப்பதுதான் பிழைப்பு. இந்த வருடம் பழைய ஆட்களில் ஒருவருக்குத்தான் இடம் என்று ஒஹையோ மாநிலம் முழுக்கப் பேச்சு. இன்று காலை தெரிந்துவிடும்.

கதவு தட்டப்பட்டது.

வெளியே ஹஸ்கின்ஸ் கிழவர். ஆட்களைக் கழிக்கிற நாளில் மட்டும் இந்த மாடிக்கு வருகிறவர். அவர் தலையைக் கண்டாலே மலை மாதிரி ஆட்களும் குளியலறைக்குள் ஒளிந்துகொள்வார்கள்.

"வெர்னன், கோச் கூப்பிடறாருப்பா. ஆட்டப் புத்தகத்தையும் எடுத்துட்டு வரச் சொன்னாரு."

அணியின் உத்திகள் அடங்கிய அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தால் ஆட்டம் முடிந்தது என்று அர்த்தம். கார்லண்ட் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "அநியாயம்டா! உன்னைப் போயி..."

அவர்கள் படி இறங்கியதும் மனைவியைக் கூப்பிடத் தொலைபேசிக்குப் பாய்ந்தான்.

"லொரெய்ன்! நான் தப்பிச்சேன்டி! வெர்னனைத் தூக்கிட்டாங்க... பாவந்தான், யாரு இல்லைன்னா? அதுக்கு நான் என்ன பண்ண? நீ உங்கம்மாவுக்குச் சொல்லிடு!"

மறுபடி கதவு தட்டப்பட்டது. அவசரமாக முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு திறந்தான். வெர்னன் நின்றிருந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"சொந்த ரூமுக்கே எவனாவது தட்டுவானா? உள்ள வாடா. கவலப்படாத, வேற வேலை கிடைக்காமலா போயிடும்?"

"கிடைச்சிருச்சு. இங்கயேதான். ஹஸ்கின்ஸ் இன்னியோட நின்னுக்கறாராம். அவரு வேலை எனக்கு."

"அடிச்சான் பாரு! அப்ப ரெண்டு பேரும் இங்கயேதான்!" கார்லண்ட் நிஜமாகவே துள்ளினான்.

வெர்னன் உள்ளே வரவில்லை. கார்லண்டின் கண்ணைப் பார்க்கவும் இல்லை.

"நம்ம இடத்தை ஒரு சின்னப் பயலுக்குக் கொடுத்துட்டாங்கடா. கார்லண்ட்... என் வேலையில நான் தட்டற முதல் கதவு இதுதான்."