எட்டாவது பதில்

ராணுவத்துக்கு வாங்கும் தளவாடங்களின் விலை விவரங்களைத் திரட்டி வைப்பது ஜெசிந்தாவின் பிரிவு. ஒரு திருகாணிக்கு ஏன் இந்த விலை என்று இருபத்திரண்டு வருஷமாகக் கேட்டுக் கேட்டே அவளுக்குத் தலை நரைத்துவிட்டது. அந்த வேலையை வெளியாருக்கு விடலாமா, செய்ய யார் இருக்கிறார்கள் என்று அலுவலகம் இப்போது கம்பெனிகளுக்குக் கேள்வித்தாள் அனுப்பியது. அதைத் தட்டச்சு செய்ததும் அவள்தான். ஏழு கம்பெனிகள் பதில் போட்டன. ஏழிலும் கடைசிப் பக்கத்தில் ஒரே வரி: முதல் ஆறு மாதம் இப்போதைய பிரிவினர் எங்களுக்குக் கற்றுத்தர வேண்டும்.

அதைப் படித்த மதியமே அவளும் ஒரு கேள்வித்தாளை எடுத்து நிரப்பினாள்.

அதிகாரி இளவழகன் வந்த பதில்களின் கட்டைப் புரட்டிக்கொண்டே வந்து எட்டாவதில் நின்றார். “என்ன மேடம், எப்பக் கம்பெனி ஆரம்பிச்சீங்க?”

“செய்ய யார் இருக்காங்கன்னுதானே சார் கேட்டிருக்கோம். நான் இருக்கேன்.”

“விளையாடாதீங்க. கிழிச்சுப் போட்டுடறேன், நீங்களும் மறந்துடுங்க.”

“வரவு எண் போட்டாச்சு சார். பதிவேட்டுல ஏறின காகிதத்தைக் கிழிக்கக் கூடாதுன்னு போன மாசம் நீங்கதான் சுற்றறிக்கை விட்டீங்க.”

அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். எனக்கு யாரும் கற்றுத்தரத் தேவையில்லை என்று எழுதியிருந்தாள். நானும் யாருக்கும் கற்றுத்தருவதாக இல்லை என்று அதன் கீழே எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தாள்.

“மேலிடத்துல நான் என்னன்னு சொல்றது?”

“எட்டுப் பேர் பதில் போட்டாங்கன்னு சொல்லுங்க சார்.”

அவர் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்தபடி அங்கேயே நின்றார். ஜெசிந்தா எழுந்து ஒரு நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டாள்.