உடைந்த தொட்டி

சொர்க்கப் பறவைச் செடியைப் பெரிய தொட்டிக்கு மாற்றலாமா என்று மயிலாத்தாள் கேட்டபோதெல்லாம் கணவர் ஒரே பதிலைத்தான் சொன்னார்: “வேரை நெருக்கி வெச்சாத்தான் பூக்கும்.” பொய்யில்லை. வருடந்தவறாமல் அது ஆரஞ்சு நிற அலகுகளை நீட்டிக்கொண்டு பூக்கத்தான் செய்தது. அவர் போய்ச் சேர்ந்த மறுமாதம் தங்கை சிவகாமி வந்தாள். “இன்னும் எதுக்கக்கா இதை அடைச்சு வெச்சிருக்கறே? தொட்டிய ஒடச்சு மண்ணுல வெச்சுரு.” மயிலாத்தாள் கடப்பாரையை எடுத்து ஒரே போடு போட்டாள். மண்தொட்டி சில்லுசில்லாய்ச் சிதறியது. செடி சாயவில்லை. உள்ளே ஒரு பிடி மண்கூட இல்லை. விரல் தடிமன் வேர்கள் ஒன்றையொன்று சுற்றி இறுகி, விளிம்பும் வளைவும் அச்சு அசலாய், இன்னொரு தொட்டியாகவே நின்றன. மயிலாத்தாள் இரண்டு கையாலும் அதைப் பிரிக்கப் பார்த்தாள். ஒரு வேரும் விலகவில்லை. சிவகாமி அக்காவின் கையைப் பிடித்து எழுப்பினாள். “இதைப் பொறவு பாத்துக்கலாம். கெளம்புக்கா, நாலு நாள் என்ற ஊட்ல வந்து இரு.”

“இரு, அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்தர்றேன்” என்று மயிலாத்தாள் வீட்டை நோக்கி நடந்தாள். வாசற்படியில் வைத்த கால் அப்படியே நின்றுவிட்டது. அவள் திரும்பித் தங்கையைப் பார்க்கவில்லை.