ஞாயிற்றுக்கிழமைப் பறவை

மாட்டிக்கொண்டது.

சில்வர் ஓக் மரத்தின் நடுக்கிளையில், தண்டோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது. கொண்டைக்குருவிகள் சுற்றி நின்று கத்தித் தீர்த்தன. அந்தக் கூச்சலைக் கேட்டுத்தான் அவள் ஓடைக்கு இறங்கி வந்தாள். பகலில் ஆந்தையைப் பிடிக்க ஆந்தையைத் தேடக் கூடாது. அதைத் திட்டுகிற குருவிகளைத் தேட வேண்டும்.

கேமராவைத் தூக்கினாள். கை நடுங்கியது.

பயமில்லை. ஆத்திரம்.

ஊர் உலகத்தில் எல்லோரும் ஆசைப்பட்டுப் பறவை பார்ப்பார்கள். இவள் ஒருத்திதான் கணக்குத் தீர்க்கப் பார்த்தாள். எத்தனை காடு, எத்தனை அட்டைக்கடி. எல்லாம் இந்த ஒரு முகத்துக்காக.

மேட்டில் தேயிலைக்கு நடுவே தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் தெரிந்தன. அவள் சின்ன வயதில் கடைசி வீடு அவர்கள் குடும்பத்தினுடையதாக இருந்தது. ஒரு அறை, பின்னால் ஒரு சமையலறை.

பொழுது சாய்ந்ததும் அம்மா பாயை விரித்து, அவளையும் தம்பி ரூபனையும் படுக்கவைத்துக் கதை சொல்வாள். காட்டிலிருந்து ஒரு பறவை வரும். பொம்பளை மாதிரி அலறும். எட்டிப் பார்க்கிற பிள்ளையின் கண்ணைக் கொத்திக்கொண்டு போய்விடும். என்ன சத்தம் கேட்டாலும் போர்வையை விலக்கக் கூடாது.

என்ன சத்தம் கேட்டாலும்.

சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய், அந்தப் பக்கம் தாழ் போட்டுக்கொள்வாள்.

சில ராத்திரிகளில் அலறல் வரும். ரூபன் பாயை நனைப்பான். அவள் தன் கண்களை இரண்டு கையாலும் பொத்திக்கொள்வாள்.

விடிந்தால் அம்மாவின் முகத்தில் காயம் இருக்கும். பறவை கொத்திவிட்டது என்பாள். ஒருமுறை இடது புருவம் பிளந்து தையல் போட்டார்கள். தையல் போட்ட நர்சம்மாவும் பறவைதான் என்றார். பக்கத்து வீட்டுக்காரர்களும் தலையை ஆட்டினார்கள். லைன் முழுவதற்கும் அந்தப் பறவையைத் தெரிந்திருந்தது.

அவள் நம்பினாள். வளர்ந்து, வேலைக்குப் போய், முதல் சம்பளத்தில் கேமரா வாங்கிய பிறகும் நம்பினாள். பறவை பார்க்கக் கூட வருகிறவர்கள் சிரித்தார்கள். ஆந்தையாவது, வீடு தேடி வந்து கொத்துவதாவது. அவள் சண்டைக்குப் போனாள். குஞ்சு இருந்தால் முகத்துக்குப் பாயும், தெரியுமா? பொம்பளை மாதிரி அலறுவது கொம்பன் ஆந்தைதான், தெரியுமா? அது கொம்பன் ஆந்தைதான். வேறு எதுவாகவும் இருக்கக் கூடாது.

ஆந்தை கழுத்தைத் திருப்பியது. பெரிய பழுப்புக் கண்கள். அவளைப் பார்த்தது. அலுத்துப்போனதுபோல மூடிக்கொண்டது.

தூங்கு, தூங்கு. உன்னைக் காட்ட வேண்டிய இடத்தில் காட்டுகிறேன்.

மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க அவள் கறுவிக்கொண்டே இறங்கினாள்.

பொள்ளாச்சி வீட்டில் அம்மா தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எஸ்டேட் ஃபேக்டரியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அப்பாவுக்குப் பிளாஸ்டிக் நாற்காலிதான் எல்லாம். அதில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அவள் கேமராத் திரையை அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். படத்தைப் பெரிதாக்கினாள். கொம்பு மாதிரி நிமிர்ந்த இறகு, கண், வளைந்த அலகு. இதுதானே உன்னைக் கொத்தியது என்று கேட்டாள். அம்மாவுக்காக இத்தனை வருஷம் தேடியிருக்கிறாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை வந்தால் போதும்.

அம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள், நாற்காலியிலிருந்து பதில் வந்துவிட்டது.

அதேதான், அதேதான் என்றார் அப்பா.

அவர் திரையைப் பார்க்கவே இல்லை.

அம்மா பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். கீரை ஒட்டிய விரலால் ஆந்தையின் நெற்றியைத் தொட்டாள்.

"பாவம், இது என்ன பண்ணுச்சு?"

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். இடது புருவத்தில் தழும்பு, முடி முளைக்காத ஒரு கோடு.

ஞாயிற்றுக்கிழமை.

அலறல் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் வரும். மற்ற நாளெல்லாம் அப்பாவுக்கு ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட். காட்டுப் பறவைக்குக் கிழமை எப்படித் தெரியும் என்று இத்தனை படித்தவளுக்கு ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை. அவளுக்குத் தன் மேலேயே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. அப்புறம் அந்த நர்சம்மாவின் மேல். தலையாட்டிய ஒவ்வொருவர் மேலும்.

அப்புறம்தான் அவள் நாற்காலியின் பக்கம் திரும்பினாள்.

கேமராவைத் தூக்கினாள். இந்த முறை கை நடுங்கவில்லை. ஆனால் படம் தெளியவில்லை. தூரத்துப் பறவைகளுக்கான லென்ஸ், பக்கத்தில் இருப்பது அதில் பிடிபடாது. ஓரடி பின்னால் நகர்ந்தாள். இன்னும் நகர்ந்தாள். முதுகு வாசல் கதவில் முட்டியபோது அப்பா தெளிவாகத் தெரிந்தார்.

தன்னைத்தான் எடுக்கிறாள் என்று தெரிந்ததும் அவர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். சிரிக்கத் தயாரானார்.

அவள் லென்ஸை முகத்திலிருந்து இறக்கினாள். டம்ளரைப் பிடித்திருந்த வலது கையில் நிறுத்தினாள்.

உள்ளே வெளிச்சம் போதவில்லை.

அம்மா கீரைத் தட்டைத் தள்ளி வைத்தாள். எழுந்து போய் ஜன்னல் கதவுகள் இரண்டையும் அகலத் திறந்துவிட்டாள்.