வீட்டுக்குள்ளே குழாய்

குவீன்ஸ்டவுன் அடுக்குவீட்டின் நான்காம் மாடியில், சமையலறைச் சன்னல் வழியாக மூங்கில் கழியை வெளியே நீட்டுகிறாள் தைலம்மை. கணவனின் சட்டைகளைக் கைவழியே கோத்த கழி. அதன் அடி, வெளிச்சுவரில் பதித்த இரும்புத் துளைக்குள் இறங்க வேண்டும். ஈரத்தின் கனத்தில் கழி ஆடுகிறது. இரண்டு கைகளாலும் பிடிக்கிறாள். தண்ணீர் முழங்கையில் வழிந்து ரவிக்கையை நனைக்கிறது. பஃபலோ ரோட்டில் இருந்தவரை தெருக்குழாயடியில் நாலு பெண்களோடு துவைத்தாள். துணி முடிந்தாலும் பேச்சு முடியாது. இங்கே குழாய் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அது மட்டும்தான் பேசுகிறது. வாசல் கம்பிக்கதவின் சாவி, கணவன் வைரக்கண்ணு போட்டிருக்கும் சட்டையின் பையில். புது இடம், பத்திரமாக இருக்கட்டும் என்று பூட்டிப் போயிருக்கிறான். நல்ல எண்ணம்தான். சன்னலுக்கு நேர் கீழே, காப்பிக்கடை மேசையில் அவன் சிரிப்பு. ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பு, நான்கு மாடியும் ஏறி வருகிறது. அண்ணாந்து பார்த்துக் கூப்பிடுகிறான்.

“தைலு, யாக்கூப் பாய் கேக்குறாரு. புது வீட்டுல சந்தோஷமா?”

இரண்டு கையும் கழியில். தலையை மட்டும் ஆட்டுகிறாள்.

“பாத்தீங்களா பாய், தண்ணிக்குக்கூட வெளிய போக வேணாம் லா. குடுத்து வச்சவ.”

கழி மறுபடி ஆடுகிறது. விட்டால் நேரே அந்த மேசைமேல்தான் விழும். விரல்கள் ஒரு கணம் தளர்கின்றன. பிறகு இறுகுகின்றன. விழுந்தால் அந்தச் சட்டைகளை மறுபடியும் அவள்தான் துவைக்க வேண்டும்.